பாதியில் அறுந்த டிரங்க் கால்

பம்பாய்க்குப் போட்ட டிரங்க் காலைத் தபீதாள் அறுத்துவிட்டாள் என்பது உண்மைதான். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. ஏன் அறுந்தது என்று கேட்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருந்த ஒரு மின்விசிறிக் கம்பெனியில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். மாடிப்படிக்குக் கீழே, பழைய சாமான்கள் கிடந்த மூலையைப் பலகையால் தடுத்து அவளுக்கு அறையாக்கிக் கொடுத்திருந்தார்கள். சுவரோடு சுவராக டெலிபோன் போர்டு, அதன் முன்னால் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். இன்னொரு ஆள் உள்ளே வந்தால் நாற்காலியின் முதுகோடு ஒட்டித்தான் நிற்க வேண்டும்.

ஆபீஸ் மானேஜர் வேதசிரோமணிக்கு அந்த இடம் வசதியாக இருந்தது. லைன்கள் எல்லாம் ஒன்றாகக் கத்தும் நேரம் பார்த்து வருவார். அவள் தலையில் ஹெட்ஃபோன் இருக்கும், இரண்டு கையிலும் போர்டில் செருகுகிற கார்டு ஒயர் இருக்கும். அப்போது அவளால் திரும்பவும் முடியாது, சத்தம் போடவும் முடியாது. போட்டால் மறுமுனையில் பேசுகிறவர் காதில் விழும். "இன்னிக்கு ரொம்ப வேலையா?" என்று பரிவாகக் கேட்டுக்கொண்டே தோளில் கை வைப்பார். கை தோளோடு நிற்காது.

அவர்தான் அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். கல்யாணமாகித் தாம்பரம் வந்த புதிதில், மேற்குத் தாம்பரம் சபையின் பாதிரியார் ஐயர் ஒரு வார்த்தை சொன்னார். சபைக் கமிட்டியில் முதல் ஆளாக இருந்த வேதசிரோமணி உடனே ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் காணிக்கைப் பையை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக வருகிற மனுஷர். தபீதாள் நாற்காலியை நகர்த்திப் போட்டுப் பார்த்தாள். முந்தானையை இழுத்து ஊக்கு குத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும் என்று தச்சரிடம் கேட்டபோது, மானேஜர் உத்தரவு கொடுத்தால் போடுகிறேன் என்றார் அவர்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், முதலாளி மாடியிலிருந்து பம்பாய் ஏஜெண்டோடு பேசிக்கொண்டிருந்தார். காலையில் புக் செய்து மத்தியானம் கிடைத்த லைன். ஊக்குப் போட்ட முந்தானைக்குக் கீழே கை நுழைந்தபோது தபீதாள் முழங்கையைப் பலமாகப் பின்னால் வீசினாள். வேதசிரோமணி "அம்மா" என்று வயிற்றைப் பிடித்தார். அவள் கையில் சுற்றியிருந்த கார்டு பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. முதலாளியின் பேச்சு பாதியில் நின்றது.

மாடியிலிருந்து மணி விடாமல் அடித்தது. தபீதாள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். படியேறி நேராக முதலாளியின் அறைக்குள் போய் நடந்ததைச் சொன்னாள். எல்லாவற்றையும், முதல் நாளிலிருந்து சொன்னாள்.

முதலாளி சின்ன வயசுக்காரர், வெளிநாட்டில் படித்தவர். அவள் சொல்லி முடிக்கும்வரை மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குண்டையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"வேற யார்கிட்டயாவது அவர் இப்படி நடந்துக்கிட்டிருக்காரா?"

"டைப்பிஸ்ட் சரோஜினியைக் கேளுங்க சார்."

கொஞ்ச நாள் முன்னால்தான் சரோஜினி பாத்ரூமில் நின்று தபீதாளின் தோளில் சாய்ந்து அழுதிருந்தாள். "நீங்க போய்ச் சொன்னா நானும் சொல்றேன்க்கா. எனக்குத் தனியாப் போகத்தான் பயம்," என்று சொல்லியிருந்தாள். இருபத்திரண்டு வயசு. மாடம்பாக்கத்தில் வீடு. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து மூச்சிரைப்பு வந்து உட்கார்ந்துவிட்ட அப்பா. இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

சரோஜினி வந்தாள். தபீதாளைப் பார்க்கவில்லை. கார்பன் மை ஒட்டியிருந்த விரல்களைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். மானேஜர் சார் எங்கிட்ட மரியாதையாத்தான் பேசுவாரு."

முதலாளி குண்டை உருட்டுவதை நிறுத்தினார். "சரிம்மா, நான் விசாரிக்கிறேன். நீங்க இன்னிக்கு வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க," என்றார் தபீதாளிடம். குரலில் கோபமே இல்லை. அதனால்தான் அவள் நம்பிவிட்டாள்.

மறுநாள் காலை அவள் நாற்காலியில் சரோஜினி உட்கார்ந்திருந்தாள். தபீதாளுக்கு ஒரு மெமோ காத்திருந்தது. கவனக்குறைவால் முக்கியமான டிரங்க் காலைத் துண்டித்துக் கம்பெனிக்கு நஷ்டம் உண்டாக்கியதற்காக, விசாரணை முடியும் வரையில் பேக்கிங் ஷெட்டுக்கு மாற்றப்படுகிறாள். கீழே வேதசிரோமணியின் கையெழுத்து, வழக்கமான அழகோடு.

ஷெட் தகரக் கூரை போட்டது. மரப்பெட்டிகளில் வைக்கோல் திணித்து விசிறிகளை அடுக்குகிற வேலை. செய்வது எல்லாம் கீழ்க்கட்டளை, பல்லாவரம் பக்கத்துப் பெண்கள். அவர்களில் மூத்தவள் கங்கையம்மாள், தபீதாள் வாசலில் தயங்கி நிற்பதைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா நின்னுகினே கீற? உள்ள வா. எங்களுக்கும் தெரியும், நேத்து நடந்தது பூரா இங்க வந்தாச்சு. அந்தாளு இந்தப் பக்கம் தலைவெச்சிப் படுக்க மாட்டான். வந்தா வைக்கலுக்குள்ள போட்டு அமுக்கிப்புடுவோம்னு அவனுக்குத் தெரியும்."

அந்த ஒரு பேச்சில் தபீதாளுக்குக் கண் கலங்கியது. ஆனால் ஷெட்டில் அவளுக்கு வேலை இல்லை. கொடுக்கக் கூடாது என்று ஃபோர்மேனுக்கு உத்தரவு. வாசலுக்கு நேரே ஒரு முக்காலி போட்டு, சங்கு ஊதும்வரை அவள் அதில் உட்கார வேண்டும். வைக்கோல் பிரியை எடுத்து முறுக்கினாலே ஃபோர்மேன் ஓடி வந்து வாங்கிவிடுவார். கேண்டீனுக்குப் போகிற ஆண்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். சிலர் கையைக் காதில் வைத்து "ஹலோ, ஹலோ, பம்பாயா?" என்பார்கள். சிரிப்பு கேண்டீன் வரைக்கும் போகும். முதல் வாரம் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். அது சிரிப்பைக் குறைக்கவில்லை.

இது கம்பெனியோடு நின்றிருந்தால் தாங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் பெண்கள் கைப்பைகளை வைத்து இடம் பிடித்திருந்தார்கள். அவள் பின்னால் போய்ச் செருப்புகள் பக்கத்தில் நின்றாள். காணிக்கைப் பை அவள் வரிசைக்கு வந்தபோது வேதசிரோமணி ஒரு நிமிஷம் அவள் எதிரில் நின்று, தலையை மெல்ல ஆட்டிப் புன்னகைத்தார். பாவம் செய்தவளை மன்னித்துவிட்ட மாதிரி.

அவள் புருஷன் அசரியா சபைப் பள்ளியில் வாத்தியார். பள்ளிக் கமிட்டிக்கும் வேதசிரோமணிதான் செயலாளர். ஆவணியில் அசரியாவுக்கு மாற்றல் வந்தது. கோவளத்துப் பக்கத்தில் மீனவர் பிள்ளைகள் படிக்கிற ஒரு சின்னப் பள்ளி. கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, நின்று, அலைந்து தினமும் போய்வர முடியாது என்று அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை சனிக்கிழமை வந்தார். அவர் அவளைத் திட்டியதில்லை. ஒரே ஒரு முறை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"அந்தக் காலை மட்டும் கட் பண்ணாம இருந்திருக்கலாம்."

தபீதாள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன சொல்றீங்க? கால் முடியற வரைக்கும் சும்மா இருந்திருக்கணுமா?"

அவர் முகம் கறுத்துப்போனது. "அய்யோ, அப்படிச் சொல்லல," என்றார். ஆனால் சொல்லியாகிவிட்டது. அந்தச் சொல் வீட்டுக்குள் எங்கேயோ கிடந்துகொண்டே இருந்தது.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம், வேதசிரோமணியின் மனைவி மெட்டில்டா வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம். தபீதாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா."

மெட்டில்டா உட்கார்ந்தாள். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். சேலையில் தண்ணீர் சொட்டியது.

"நீ சொன்னது பொய்னு சொல்ல நான் வரல," என்றாள்.

தபீதாள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"எங்க வீட்ல வேலைக்கு இருந்த பொண்ணு ஒருநாள் சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போனா. அதுக்கு முன்னாடி என் சித்தி மக, லீவுக்கு வந்தவ. அதுக்கப்புறம் அவ எங்க வீட்டு வாசல் மிதிக்கல."

"தெரிஞ்சுமா அக்கா இருக்கீங்க?"

"தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்றே? ரெண்டு பொண்ணு வெச்சிருக்கேன். மூத்தவளுக்கு நாகர்கோவில்ல பேசிக்கிட்டிருக்கோம். அவங்க காதுக்குப் போயிடுச்சு. மாப்பிள்ளையோட அம்மா எழுதிக் கேட்டிருக்காங்க." மெட்டில்டா குடையின் கம்பியைத் தடவினாள். "ஐயர் முன்னாடி வந்து, ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உன் வீட்டுக்காரர் மறுபடி தாம்பரத்துக்கே வந்துடுவாரு. நான் பொறுப்பு."

"நான் தப்பாப் புரிஞ்சுக்கலியே அக்கா."

"எனக்குத் தெரியும்."

"அப்புறம் எப்படிச் சொல்றது?"

மெட்டில்டா எழுந்துவிட்டாள். வாசல்படியில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டே, தபீதாளுக்குச் சொல்கிற மாதிரியும் இல்லாமல், "உனக்கு வேலையை விட்டா இன்னொரு வேலை கிடைக்கும். நான் எதை விடறது?" என்றாள்.

அவள் போன பிறகு பிஸ்கட் பொட்டலம் நாற்காலியில் கிடந்தது. அவள்மேல் கோபப்படத் தபீதாள் முயன்று பார்த்தாள், வரவில்லை. வராததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பொட்டலத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்து படுத்தாள். ஐயரிடம் போகவில்லை.

மார்கழியில் யூனியன் அவள் விஷயத்தைக் கையில் எடுத்தது. செயலாளர் கிபாயத்துல்லா பல்லாவரத்துக்காரர், லேத்தில் டர்னர். அவரே ஷெட்டுக்கு வந்து எல்லார் காதிலும் விழும்படி பேசினார்.

"தங்கச்சி, இது உன் ஒருத்தி பிரச்சனை இல்ல. எங்க வீட்லயும் பொம்பளைங்க இருக்காங்க. இதை நாங்க விடமாட்டோம்."

கேண்டீனுக்குப் போகிறவர்கள் அதற்குப் பிறகு காதில் கை வைக்கவில்லை. அவளுக்குத் தூக்கம் கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. நடுவில் கேட்டில் கோஷம் போட்டதற்காக இரண்டு டர்னர்களை சஸ்பெண்ட் செய்தார்கள். தையில் ஒரு நாள் மேளச் சத்தம் கேட்டது. அந்த இரண்டு பேருக்கும் மாலை போட்டு உள்ளே அழைத்து வந்துகொண்டிருந்தார்கள். கங்கையம்மாள் விசிலடித்தாள். தபீதாளும் முக்காலியிலிருந்து எழுந்து நின்று கை தட்டினாள்.

கிபாயத்துல்லா அன்று சாயங்காலம்தான் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"உன் விஷயத்தைக் கோரிக்கையிலிருந்து எடுத்தா அவங்களைச் சேர்த்துக்கறோம்னாங்க, தங்கச்சி. அதான் கண்டிஷன். ரெண்டு பேரு குடும்பம்."

"நான் குடும்பம் இல்லையா அண்ணா?"

அவர் தொப்பியின் மடிப்பை நீவினார்.

"உனக்கு வேலையாவது கொடுக்கணும்னு சொல்லியிருக்கோம். நாளைலேர்ந்து நீயும் பேக்கிங் பண்ணலாம். மத்ததை அடுத்த வருஷம் பார்ப்போம்."

மறுநாள் முக்காலியை எடுத்துவிட்டார்கள். தபீதாள் வைக்கோல் திணித்தாள். விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை; தற்காலிகம் என்று போட்ட மெமோ அப்படியே நிலைத்துவிட்டது. சில நாள் ராஜினாமா எழுதலாமா என்று நினைப்பாள். அவள் எழுதுவதற்காகத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள் என்பது ஞாபகம் வரும், எழுதமாட்டாள்.

பங்குனி வெயிலில் ஒரு மாலை, குரோம்பேட்டை ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி தாமதம். தபீதாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சரோஜினி தயங்கித் தயங்கி வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். இத்தனை மாதமும் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தவள்.

"அக்கா."

தபீதாள் தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"அக்கா, அந்த ரூம்ல என்னால உக்கார முடியலக்கா. தினமும் வர்றாரு. நீங்க எப்படி அஞ்சு வருஷம்..." அவளால் முடிக்க முடியவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எப்போது இப்படி இளைத்தாள்?

தபீதாளுக்குள் இரக்கம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது.

"எங்கிட்ட ஏன் சொல்றே? உங்கிட்ட மரியாதையாத்தானே பேசுவாரு?"

சரோஜினி அடி விழுந்த மாதிரி நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்க்கா. தப்புதான்."

"இப்ப வந்து சொல்றியா? நாளைக்கே ரெண்டு பேரும் மேல போவோம்."

சரோஜினி கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். அப்பாவையும் அடுப்பையும் நினைக்கிறாள் என்று தபீதாளுக்குத் தெரிந்தது. வண்டி வந்தது. "அப்ப உன் பாடு," என்று சொல்லிவிட்டுத் தபீதாள் முன் பெட்டிக்கு நடந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது சரோஜினி அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். வண்டியில் ஏறவே இல்லை.

அடுத்த வாரம் சரோஜினி வேலைக்கு வரவில்லை. கல்யாணம் என்றார்கள், உடம்பு சரியில்லை என்றார்கள். தபீதாள் மாடம்பாக்கம் போய்க் கோயில் தெருவில் விசாரித்தாள். ஊரில் இல்லை, திண்டிவனத்தில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறோம் என்று அவள் அப்பா மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. இவளை யாரென்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ் முழுக்க, அந்த ஸ்டேஷன் பெஞ்சில் தான் சொன்னது தபீதாளின் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

சித்திரை பிறந்ததும் புது ஆபரேட்டர் வந்தாள். பெயர் பட்டு. கீழ்க்கட்டளைப் பெண், இரட்டைப் பின்னலும் கனகாம்பரமுமாய் ஸ்கூல் பிள்ளை மாதிரி இருந்தாள். முதல் நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் தபீதாள் சேலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டு, எல்லாரும் பார்க்க, ஆபீஸ் கட்டடத்துக்குள் போனாள். மாடிப்படிக்குக் கீழே அந்தக் கதவைத் தள்ளினாள்.

"நான் தபீதாள். உனக்கு முன்னாடி இங்க இருந்தவ. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்."

சொன்னாள். எந்த நேரத்தில் வருவார், எங்கே நிற்பார், என்ன கேட்டுக்கொண்டே கை வைப்பார் என்று மறைக்காமல் சொன்னாள். பட்டுவின் கண்கள் விரிந்தன.

"சார் எங்க மாமாவுக்கு ரொம்ப வேண்டியவரு. அவர்தான் எனக்கு இந்த வேலையை..."

"எனக்கும் அவர்தான் வாங்கிக் கொடுத்தாரு. நாற்காலியைச் சுவரோரமாப் போட்டுக்க. கதவைத் திறந்தே வெச்சுக்க. மேல கை பட்டா கத்து. யார் லைன்ல இருந்தாலும் கத்து."

பட்டு பயந்துபோய்த் தலையாட்டினாள். பயம் வேதசிரோமணியைப் பற்றி அல்ல. அன்று மத்தியானமே அவள் மானேஜர் அறைக்குப் போய், ஷெட்டிலிருந்து ஓர் அம்மா வந்து என்னென்னவோ சொல்லிவிட்டுப் போனார்கள் என்று ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டாள்.

இந்த முறை விசாரணை நடந்தது. ஒரே நாளில் முடிந்தது. அதிகாரியைப் பற்றி அவதூறு பரப்பியது, வேலை நேரத்தில் இடத்தை விட்டுப் போனது என்று குற்றச்சாட்டு, அவள் போனது சாப்பாட்டு மணிக்குப் பிறகு என்றாலும். பட்டுவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் பொய் சொல்லவில்லை. "ஆமாம், சொன்னாங்க," என்றாள். சொன்னது உண்மையா என்று யாரும் கேட்கவில்லை. கிபாயத்துல்லா யூனியன் சார்பில் வந்து உட்கார்ந்திருந்தார். கடைசி வரை வாயே திறக்கவில்லை. தபீதாளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

கேட்டில் வாட்ச்மேன் தனக்கோடி அவள் பையை வாங்கித் திறந்தான். உள்ளே சாப்பாட்டு டப்பாவும் ஒரு கைத்துண்டும் இருந்தன.

"மனசுல வெச்சிக்காதம்மா. செக் பண்ணி அனுப்பச் சொல்லிக்கீறாங்க. திருட்டுப் பொருள் கீதான்னு பாக்கணுமாம்."

"பாரு," என்றாள்.

பின்னால் ஷெட் வாசலில் கங்கையம்மாள் நின்றுகொண்டு, யாரையென்று இல்லாமல் பொதுவாக, காது கூசும்படி திட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

அந்தச் சனிக்கிழமை அசரியா கோவளத்திலிருந்து வரும்போது ஓலைப்பையில் சங்கரா மீன் வாங்கி வந்திருந்தார். வேலை போய்விட்டது என்று அவள் சொன்னாள். அவர் "சரி," என்று சொல்லிவிட்டு அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். வழக்கமாக மீன் கழுவுவது அவள்தான்.

தபீதாள் பின்வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட ஏன் போய்ச் சொன்னே?" என்று அவர் திரும்பாமலே கேட்டார். குற்றம் சொல்கிற குரல் இல்லை.

"சரோஜினியை விட்டுட்டேன். இவளையும் விட மனசு வரல."

"நீ சொன்னதை நம்பினாளா?"

"அன்னிக்கு நம்பல."

அசரியா ஒரு மீனைப் புரட்டிப் போட்டார்.

"இந்நேரம் நம்பியிருப்பா," என்றாள் தபீதாள்.

செதில் தேய்க்கும் சத்தம் நின்றது. அவர் குனிந்தபடியே இருந்தார். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பிறகு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.